தம்பானூரில் தம்போலா

டிசம்பர் 24ஆம் தேதி மாலை தம்பானூரில் நின்று பார்ப்பவருக்கு இது எந்தப் பண்டிகையின் கூட்டம் என்று சட்டென்று சொல்ல வராது. ரயில் நிலையத்திலிருந்து கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக சபரிமலை பக்தர்கள் இறங்கிக்கொண்டிருப்பார்கள். மண்டல பூஜைக்கு இரண்டு மூன்று நாட்கள்தான் பாக்கி. எதிரே அரசு பஸ் நிலையத்தில் கைக்குழந்தை, கேக் டப்பா, மடக்கிய காகித நட்சத்திரம் ஆகிய மூன்றையும் ஒரே கையில் பிடிக்கப் பார்க்கும் குடும்பத் தலைவர்கள். சற்றுத் தள்ளி கிறிஸ்துமஸுக்கு வெளியான புதுப் படத்துக்காக தியேட்டர் வாசலில் காத்திருக்கும் இளைஞர்கள். நடுவே டிரம் அடித்துக்கொண்டு ஒரு கரோல் கோஷ்டி. சிவப்பு அங்கியும் முகமூடியும் அணிந்த கிறிஸ்துமஸ் தாத்தா அந்தக் கோஷ்டியின் முன்னால் ஆடிக்கொண்டு வருவார். இந்த ஊரில் அவருக்கு அப்பூப்பன் என்று பெயர். ஐயப்ப பக்தர் ஒருவர் அப்பூப்பனுக்குக் கை கொடுத்துவிட்டுப் போனதை ஒருமுறை பார்த்தேன்.

இந்தக் கூட்டத்தில் நானும் உண்டு. பத்துப் பன்னிரண்டு வருடங்களாக கிறிஸ்துமஸ் அன்று தம்பானூரில் ஒரு நண்பர் வீட்டில் இருப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. நண்பர் நாகர்கோவில்காரர், சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவர். மனைவி குளச்சல் கடற்கரையில் பிறந்த கத்தோலிக்கர். இருவருக்கும் தாய்மொழி தமிழ். பிள்ளைகளுக்கு மலையாளம் முதலில் வரும், ஆங்கிலம் அடுத்து, தமிழ் திட்டு வாங்கும்போது. மூத்தவன் துபாயில், இளையவள் பெங்களூரில். நண்பரின் அம்மா, அப்பா இறந்த பிறகு நாகர்கோவில் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்துவிட்டார். எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருப்பது வருடத்தில் நான்கு நாட்கள்.

வந்து சேர்ந்துவிட்டார்கள், சரி. அப்புறம் என்ன செய்வது? கோயிலுக்குப் போய் வந்தாயிற்று. சாப்பிட்டாயிற்று. மாலை நான்கு மணிக்கு ஆளுக்கு ஒரு மூலையில் ஆளுக்கு ஒரு போன். அம்மா சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் அங்கே வந்த முதல் வருடம் அப்படித்தான் கழிந்தது. நான்கு நாட்களுக்காக ஆறு மாதம் காத்திருந்தவர், அந்த நான்கு நாளும் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

‘குடும்பத்தோடு விளையாட கிறிஸ்துமஸ் விளையாட்டுகள்’ என்ற தலைப்பில் டிசம்பர் தோறும் பட்டியல்கள் வரும். அவற்றில் சிலவற்றை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கும் பாக்கியம் எனக்கும் கிடைத்திருக்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு பனிமனிதனுக்கு மூக்கு ஒட்ட வேண்டும் என்று ஒன்று. இதை நான் ‘கழுதைக்கு வால் வரைதல்’ என்று எழுதித் தப்பித்தேன். கணப்படுப்பின் முன் காலுறை தொங்கவிடுவது இன்னொன்று. கணப்படுப்புக்கு நான் எங்கே போவேன்? டிசம்பரில் தம்பானூரில் மின்விசிறி ஓடுகிறது. பட்டியலில் பாதியை வெட்டிவிட்டு மீதியை அனுப்பினேன். யாரும் கேட்கவில்லை.

ஆனால் பட்டியல் தேவைப்படாத விளையாட்டுகள் இந்த ஊரிலேயே உண்டு. கேரளத்துக் கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் டிசம்பர் வந்தால் ‘கிறிஸ்துமஸ் ஃப்ரெண்ட்’ ஆரம்பித்துவிடும். எல்லோருடைய பெயரையும் துண்டுச் சீட்டில் எழுதிக் குலுக்கி ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். சீட்டில் யார் பெயர் வருகிறதோ அவருக்கு நீங்கள் ரகசிய நண்பர். யார் என்று காட்டிக்கொள்ளாமல் சின்னச் சின்னப் பரிசுகள், குறிப்புகள், கேலிக் கடிதங்கள் அனுப்பிக்கொண்டே இருக்கலாம். விருந்து நாளில்தான் வேஷம் கலையும். மேலைநாட்டிலும் இது உண்டு, ஆனால் அங்கே பெரும்பாலும் ஒரு நாள் பரிசோடு முடிந்துவிடும். இங்கே அதை மூன்று வாரத் தொடர்கதையாக்கிவிட்டார்கள். நண்பர் வீட்டில் டிசம்பர் முதல் தேதி போன் வழியாகவே சீட்டு எடுத்துவிடுகிறார்கள். துபாய்ப் பையனுக்கு ஒருமுறை அம்மாவின் பெயர் வந்தது. தினமும் ஒரு பழைய பாட்டை யார் அனுப்புகிறார்கள் என்று தெரியாதபடி தங்கையின் தோழி மூலம் அவருக்கு அனுப்பினான். அம்மாவால் மட்டும் ரகசியம் காக்க முடியாது. அவர் சீட்டில் யார் பெயர் என்பது இரண்டாம் தேதி காலை பக்கத்து வீட்டுக்கே தெரிந்துவிடும்.

குடில் கட்டுவதும் ஒரு விளையாட்டுதான். இதை இங்கே புல்க்கூடு என்பார்கள். வைக்கோலும் பொம்மையும் கடையில் கிடைக்கும். பச்சை வயல் கிடைக்காது. பத்து நாள் முன்னதாக அகலமான தட்டில் மண் பரப்பி நெல்லோ கேழ்வரகோ விதைத்துத் தண்ணீர் தெளித்து வந்தால் 24ஆம் தேதிக்கு விரற்கடை உயரப் பயிர் நிற்கும். குடிலைச் சுற்றி அந்தத் தட்டுகளை வைத்தால் பெத்லகேமுக்குப் பக்கத்தில் நாஞ்சில் நாடு வந்துவிடும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் தண்ணீர் தெளிக்கும் வேலையை அவர்களிடம் விடுங்கள். கொஞ்சம் அதிகமாகவே தெளிப்பார்கள், பரவாயில்லை.

பெரியவர்களின் விளையாட்டு சீட்டு. கேரளத்துக்கே உரிய ‘இருபத்தெட்டு’ இது. ஏழிலிருந்து ஆஸ் வரை 32 சீட்டுகள். நான்கு பேர், எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் கூட்டாளிகள். முதலில் ஆளுக்கு நான்கு சீட்டைப் போட்டு ஏலம் கேட்பார்கள். ஏலம் எடுத்தவர் துருப்பை யாருக்கும் காட்டாமல் கவிழ்த்து வைத்த பிறகுதான் மீதி நான்கு வரும். இதில் ராஜாவுக்கும் ராணிக்கும் ஒரு புள்ளியும் கிடையாது. ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. எல்லாம் கூட்டினால் 28. இரண்டு கட்டுச் சீட்டை வைத்து ஆறு பேர் ஆடினால் ‘ஐம்பத்தாறு’. ஆட்டத்தில் படுதோல்வி அடைந்தவர் காதில் குணுக்கு மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது சம்பிரதாயம். குணுக்கு என்பது பழைய காலத்துப் பெண்கள் அணிந்த காதணி. அது கிடைக்காத இடத்தில் பலா இலையோ கையில் அகப்பட்ட வேறெதுவோ தொங்கும். ஓய்வு பெற்ற உயரதிகாரி ஒருவர் காதில் இலையோடு வந்து கதவைத் திறந்ததைப் பார்த்த பிறகு எனக்கு அரசாங்கத்தின் மீது தனி அன்பு ஏற்பட்டது.

சீட்டுக்கும் கிறிஸ்துமஸுக்கும் உள்ள உறவு பழையது. 1541இல் இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டம் ஒன்று, தொழிலாளிகளும் வேலைக்காரர்களும் தொழில் பழகும் பையன்களும் சீட்டு, பகடை ஆடக்கூடாது என்று தடுத்தது. ஆடப் போனால் வில் பயிற்சி கெட்டுவிடுமாம். ஒரே விதிவிலக்கு கிறிஸ்துமஸ் காலம். அப்போதும் எஜமானின் வீட்டில் அல்லது அவர் கண் முன்னால்தான் ஆட வேண்டும்.

இருபத்தெட்டில் ஒரு குறை உண்டு. அது நான்கு பேரை உட்கார வைத்து மற்றவர்களை எழுப்பி விட்டுவிடும். மாடியில் ஆண்கள் ஆடுவார்கள், பெண்கள் சமையலறையில் இருப்பார்கள், பிள்ளைகள் போனில் இருப்பார்கள். அம்மா அதே நாற்காலியில். அவர் ஆடவும் மாட்டார். சிறு வயதிலிருந்து சீட்டுக் கட்டைத் தொடாமல் வளர்ந்த குடும்பம்.

ஏழெட்டு வருடங்களுக்கு முன் பெங்களூர்ப் பெண்தான் தம்போலா ஆடலாம் என்றாள். அவள் அலுவலகத்தில் ஆடியிருக்கிறாள். ‘ஹவுசி’ என்று பலர் சொல்வதும் இதுவேதான். இந்த ஆட்டமே கிறிஸ்துமஸிலிருந்து வந்தது என்பது அவளுக்குத் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது, பிறகு படித்துத் தெரிந்துகொண்டதுதான்.

கதை இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில் தொடங்குகிறது. அங்கே லாட்டரிக்குப் பெரும் மோகம். மன்னர் சார்லஸுக்கு அதில் வருமானம். கிரிகோரியோ ரோக்கோ என்ற டொமினிக்கன் சபைத் துறவிக்கோ அது பாவம், ஜனங்களின் பக்தியைக் கெடுக்கும் பேய். 1734இல் இருவருக்கும் நடந்த வாக்குவாதம் சமரசத்தில் முடிந்ததாகச் சொல்வார்கள். லாட்டரி நடக்கலாம், கிறிஸ்துமஸ் வாரத்தில் மட்டும் கூடாது. ஜனங்கள் சும்மா இருப்பார்களா? 90 எண்களையும் எழுதி ஒரு பிரம்புக் கூடையில் போட்டுக் குலுக்கி வீட்டுக்குள்ளேயே ஆட ஆரம்பித்தார்கள். தெருவில் அரசாங்கம் நடத்திய சூது, வீட்டுக்குள் பாட்டியும் பேரனும் ஆடும் விளையாட்டாக மாறிவிட்டது. இன்றும் இத்தாலியில் தம்போலா என்றால் கிறிஸ்துமஸ்தான். வந்த எண்ணை மூட அவரை விதையும் ஆரஞ்சுத் தோலும் வைப்பார்கள்.

நேப்பிள்ஸ்காரர்கள் எண்ணை எண்ணாகச் சொல்வதில்லை என்பது இதில் முக்கியம். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பெயர், ஒரு படம். கனவில் கண்டதை எண்ணாக மாற்றும் பழைய கனவு நூல் வழியாக வந்த பெயர்கள் அவை. 25 என்றால் கிறிஸ்துமஸ். 33 கிறிஸ்துவின் வயது. 22 பைத்தியக்காரன். 90 பயம். சீட்டை எடுப்பவர் எண்களைக் கோத்துக் கதை கட்டிக்கொண்டே போவார்.

ஆட்டம் பின்னர் பிரிட்டிஷ் படைகளுக்குள் புகுந்தது. கப்பற்படையினர் அதைத் தம்போலா என்றார்கள், தரைப்படையினர் ஹவுஸ் என்றார்கள். நமக்கு இரண்டு பெயரும் வந்து சேர்ந்தது அப்படித்தான். கிளப்புகளிலும் ஆங்கிலோ இந்தியர்கள் கூடும் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டுகளிலும் அது வேரூன்றியது. வெள்ளைக்காரச் சிப்பாய்களும் எண்களுக்குப் பெயர் வைத்தார்கள். 88 இரண்டு குண்டுப் பெண்கள், 11 கால்கள். 9க்கு ‘டாக்டர் எண்’ என்று பெயர். படை மருத்துவர் எந்த நோய்க்கும் கொடுத்தனுப்பும் பேதி மாத்திரைக்கு 9 என்று எண்ணாம். நம் ஊர் கிளப்புகளில் இந்தப் பெயர்களையே இன்னும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சொல்பவருக்கும் கேட்பவருக்கும் அதில் ஒன்றும் இல்லை.

தம்பானூர் வீட்டுக்கு வருகிறேன். ஆட்டத்தை விளக்கியதும் அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். “அது சூதாக்கும், மக்களே.”

மருமகள் விடவில்லை. “மாமி, யூதாசுக்குப் பதிலா மத்தியாவை எடுத்ததே சீட்டுப் போட்டுத்தானே? அப்போஸ்தலர் நடபடிகள்ல இருக்கே.”

“சிலுவைக்குக் கீழ அங்கிக்குச் சீட்டுப் போட்டதும் அதே வேதத்திலதான் இருக்கு, பிள்ளே. அவனுவளும் சும்மா வெளாட்டுக்குத்தான் போட்டிருப்பானுவ.”

ஞாயிறு பள்ளியில் முப்பது வருடம் பாடம் நடத்தியவரிடம் வேதத்தை எடுத்தால் இப்படித்தான் ஆகும். என் பங்குக்கு நான் வாயைத் திறக்கவில்லை. வள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். அது 94ஆவது அதிகாரம். நல்லவேளை, தம்போலா 90உடன் முடிந்துவிடுகிறது.

கடைசியில் சமரசம் செய்தது பேத்தி. பணம் கிடையாது. எல்லோருக்கும் ஏதாவது ஒரு பரிசு உண்டு. பாட்டி ஆட வேண்டாம், எண்களை எடுத்துக் கூப்பிட்டால் போதும். கூப்பிடுபவருக்குச் சீட்டே இல்லாதபோது சூது எப்படி வரும்? அம்மா யோசித்தார். சரி என்றார். நாற்காலியைச் சுவரோரத்திலிருந்து நடுக்கூடத்துக்கு இழுத்துப் போட்டோம்.

ஆடிப் பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சொல்கிறேன். செலவு ஒன்றும் இல்லை. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவை எல்லா வீட்டிலும் சேர்ந்து கிடக்கும். ஒவ்வொன்றின் பின்புறமும் குறுக்கே மூன்று வரிசை, நெடுக்கே ஒன்பது பத்தி வருமாறு கட்டம் போடுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் ஐந்து எண், நான்கு வெற்றிடம். ஆக ஒரு சீட்டில் 15 எண்கள். முதல் பத்தியில் 1 முதல் 9க்குள், அடுத்ததில் 10 முதல் 19க்குள், இப்படியே போய்க் கடைசியில் 80 முதல் 90க்குள். 90 துண்டுச் சீட்டுகளை மடித்து ஒரு பெட்டியில் போடுங்கள். நேப்பிள்ஸில் பிரம்புக் கூடை என்றால் எங்களுக்குப் பனையோலைப் பெட்டி. மூடுவதற்குப் புளியங்கொட்டை. முதல் ஐந்து எண் வந்தவருக்கு ஒரு பரிசு, நான்கு மூலைக்கு ஒன்று, மூன்று வரிசைக்கும் ஒவ்வொன்று, முழுச் சீட்டுக்கு ஒன்று. பழைய செய்தித்தாளில் சுற்றிய சோப்பு, தேங்காய், நாகர்கோவில் முந்திரிக்கொத்து என்று எதுவும் பரிசாகலாம். கடைசி வரை ஒன்றும் வராதவருக்கு அன்றிரவு பாத்திரம் கழுவுவதிலிருந்து விடுதலை. இந்தப் பரிசுக்காக வந்த எண்ணை மறைத்தவர்களை எனக்குத் தெரியும்.

முதல் ஆட்டத்திலேயே அம்மா ஒரு காரியம் செய்தார். 30 என்று வந்த சீட்டைப் பிரித்து “வெள்ளிக்காசு” என்றார். யாருக்கும் புரியவில்லை. “யூதாசு வாங்கினது எத்தனை?” என்று கேட்டார். ஞாயிறு பள்ளி திரும்பிவிட்டது. அதன்பின் 10 கட்டளை, 12 சீடர், 40 பாலைவனத்தில் இருந்த நாள் என்று எண்ணைச் சொல்லாமல் பெயரை மட்டும் சொல்ல ஆரம்பித்தார். பிள்ளைகள் போனில் தேட, போனைத் தொடக்கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. “மூணு?” என்றதும் பேரன் “ஞானிகள்” என்றான். “மூணு பேருன்னு வேதத்தில எங்க எழுதியிருக்கு? மூணு காணிக்கைன்னுதான் இருக்கு” என்று அவனை உட்கார வைத்தார்.

அடுத்த வருடம் எல்லோரும் பெயர் வைக்கலாம் என்று ஆனது. ஒரு பழைய டைரியில் எண் வாரியாக எழுதி வைப்பார்கள். வருடத்துக்கு எட்டுப் பத்துப் பெயருக்கு மேல் கூடாது, எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1 தம்பானூர் முதலாம் பிளாட்பாரம். 18க்கு விவாதமே இல்லை, பதினெட்டாம்படிதான். பக்கத்து வீட்டிலிருந்து ஆட வந்த மாலை போட்ட அண்ணன் 41ஐ மண்டலத்துக்கு வாங்கிக்கொண்டார். 14ஐ மருமகள் சிலுவைப் பாதைக்குக் கேட்டு வாங்கினாள். 63 நாயன்மார் என் நன்கொடை. 25ஐ எல்லோரும் கிறிஸ்துமஸ் என்றார்கள். திருக்குறளில் காமத்துப்பாலுக்கு 25 அதிகாரம் என்பது தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு உடனே ஞாபகம் வரத்தான் செய்யும். சபையில் சொல்லவில்லை.

பெரிய தகராறு வேதாகமத்தில் மொத்தம் எத்தனை நூல்கள் என்பதில் வந்தது. அம்மா 66 என்றார். மருமகள் 73 என்றாள். இரண்டும் சரி. சீர்திருத்த சபையார் பைபிளில் 66, கத்தோலிக்கர் பைபிளில் 73. ஐரோப்பாவில் இந்த மாதிரி விஷயங்களுக்காக யுத்தமே நடந்திருக்கிறது. இங்கே 66 ‘மாமி வேதம்’ என்றும் 73 ‘மருமக வேதம்’ என்றும் டைரியில் பதிவாகி விவகாரம் முடிந்தது. இரண்டும் அடுத்தடுத்து வந்தால் கூட்டம் கைதட்டும்.

56 வந்தபோது நண்பர் சீட்டாட்டம் என்றார். அம்மா மறுத்தார். 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அவர் அப்போது ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் இருந்தார். மிட்டாய் கொடுத்தார்கள் என்பது நினைவிருக்கிறது, எதற்கு என்று அன்று புரியவில்லை என்றார். “அப்போ பாட்டியும் நம்ம ஸ்டேட்டாயிருந்தோ?” என்று பேத்தி பாதி மலையாளத்தில் வாயைப் பிளந்தாள். தான் இந்த ஊருக்குப் பிழைக்க வந்த குடும்பத்துப் பெண் என்றே அவள் அதுவரை நினைத்திருந்தாள். பாட்டி பிறந்தபோது இந்தத் திருவனந்தபுரம்தான் பாட்டிக்கும் தலைநகரம் என்பது அவளுக்குப் பெரிய செய்தி. அன்று அரை மணி நேரம் ஆட்டம் நின்றது. 79 அப்படி வந்ததுதான். 1979இல் நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது. அதற்கு முன் தம்பானூர் என்றால் அவருக்குப் பஸ், வாந்தி, எலுமிச்சம்பழம். 90க்குப் பெயர் ‘கன்னியாகுமரி’. அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது.

ஒரு வருடம் பேரன் போனில் தம்போலா செயலியைக் கொண்டுவந்தான். இயந்திரக் குரல் சீராக எண்களைச் சொல்லிக்கொண்டே போனது. பத்து நிமிடத்தில் முழுச் சீட்டு முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவனே போனை அணைத்துவிட்டு ஓலைப்பெட்டியை எடுத்து வந்தான்.

டைரியில் இப்போது அறுபதுக்கு மேல் பெயர்கள் இருக்கின்றன. பெயர் இல்லாத எண்களில் பலவும் சும்மா விடுபட்டவை. ஒன்று மட்டும் அப்படியல்ல. 26.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஊர்களில் கடல் ஏறியது. நண்பரின் மனைவிக்கு அன்று போனவர்களில் ஒருவர் சொந்தச் சித்தி. அதற்காக அவள் கிறிஸ்துமஸ் கொண்டாடாமல் இருந்ததில்லை. 25 அன்று நட்சத்திரம் எரியும், 26 அன்று காலை ஊருக்குப் போய்த் திருப்பலி கண்டு வருவாள். முதல்முறை ஆட்டத்தில் அந்த எண் வந்தபோது அம்மா சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒரு கணம் மருமகளைப் பார்த்தார். பிறகு வெறும் எண்ணை மட்டும் சொன்னார். “இருபத்தாறு.” அது அப்படியே வழக்கமாகிவிட்டது. டைரியில் அந்த வரி காலியாக இருந்தது. பெயர் வைக்கலாம் என்று பிள்ளைகள் கூடக் கேட்டதில்லை.

சென்ற டிசம்பரில் அம்மாவுக்குக் கண் அவ்வளவாகத் தெரியவில்லை. பேத்தி சீட்டைப் பிரித்துக் காதில் சொல்ல, அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஆட்டத்தின் நடுவில் பேத்தி ஒரு சீட்டைப் பிரித்துத் தயங்கினாள். எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அம்மா வழக்கம்போல “இருபத்தாறு” என்றார்.

“மாமி, கொஞ்சம் பொறுங்க” என்றாள் மருமகள். கையில் புளியங்கொட்டையை உருட்டிக்கொண்டிருந்தாள். “எங்க சித்தி இருந்தாவள்ல. அவியளுக்குத் தாயக்கட்டையில கள்ளம் பண்ணாம இருக்க முடியாது. விழுந்தது மூணுன்னா ‘தாயம்’னு கத்திக்கிட்டே கட்டையை எடுத்திருவாவ. கண்டுபிடிச்சா அழுவாவ. நிஜமாவே கண்ணீர் வரும். நாங்க பயந்துபோய் இன்னொரு ஆட்டம் விட்டுக்குடுப்போம்.” சொல்லிக்கொண்டே சிரித்தாள். “அழுகுணிச் சித்தின்னே அவியளுக்குப் பேரு.”

துபாய்ப் பையன் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தச் சித்தியைப் பற்றி அவன் அதுவரை கேட்டிருந்தது அந்த ஒரு நாள் காலையைப் பற்றி மட்டும்தான். தாயக்கட்டையைப் பற்றி அல்ல. சித்தர்களில் அழுகுணிச் சித்தர் என்று ஒருவர் உண்டு என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

“எழுதட்டுமா?” என்று பேத்தி கேட்டாள். மற்ற பெயர்களுக்கு எல்லோரும் கை தூக்க வேண்டும். இதற்கு யாரும் கேட்கவில்லை. டைரியை எடுத்து மலையாள எழுத்தில் எழுதினாள். தமிழில் எழுத அவளுக்கு இன்னும் வரவில்லை. எழுதியதை மருமகள் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

அம்மா குரலைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் முதலிலிருந்து கூப்பிட்டார். “இருபத்தாறு. அழுகுணிச் சித்தி.”

என் சீட்டில் நடு வரிசையில் அது இருந்தது. புளியங்கொட்டையை எடுத்து வைத்தேன்.